நாலாவது சரணம்

போன வாரம் கண் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல் காத்திருக்கச் சொல்லிவிட்டு மறைந்தது. அடுத்த நொடி என் காதுக்குள் உன் பாட்டு வந்தது. வார்த்தை இல்லை, கீபோர்டில் வாசித்த வெறும் மெட்டு. நீ மூச்சுவிட்டு நிறுத்துகிற இடத்தில்கூட நிறுத்தாமல், சர்க்கரைப் பாகு மாதிரி ஒழுகிக்கொண்டே இருந்தது. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து நீ கட்டிய பாட்டு, காத்திருக்கிறவர்களுக்குப் பொழுதுபோக்காக ஓடுகிறது.

அந்தப் பெண் திரும்பி வந்ததும் டாக்டரைக் கேட்கவில்லை. இது யாருடைய பாட்டு என்று கேட்டேன். அவள் கொஞ்சம் திகைத்து, "மாஷின்றே பாட்டல்லே, மேடம்," என்றாள். மாஷின் பாட்டுதானே என்று, சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல அத்தனை நிச்சயமாக மலையாளத்தில் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன். கண் எப்படியோ போகட்டும் என்று தோன்றிவிட்டது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாம் இரண்டு பேரும் எக்ஸ்சேஞ்சில் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். நான் வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து நடந்தே வருவேன். நீ பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வருவாய். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தலையில் ஹெட்செட், முன்னால் வரிசையாக ஓட்டைகள், கையில் கயிறு. பம்பாய், மெட்ராஸ், கல்கத்தா என்று ஊரை ஊரோடு இணைத்துக்கொண்டிருந்தோம். என் பேச்சைக் கேட்டு நீ சிரிப்பாய், உன் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன். "நீ என்னட்டி, தேவாரம் ஓதுற மாதிரி நம்பர் சொல்லுதே," என்று நீ முதல் நாளே கேட்டாய். சாப்பாட்டு அறையில் நான் தயிர்சாதத்தைத் திறக்கும்போது உன் மீன்குழம்பைத் தள்ளிவைத்துக்கொள்வாய். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியும் கேட்க மாட்டாய்.

உன் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த இசைத்தட்டுகளைக் கேட்கத்தான் முதன்முதலாக உன் வீட்டுக்கு வந்தேன். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடுகிற சோல் பாட்டு என்று அண்ணன் சொன்னார். எனக்குச் சங்கீதம் தெரியும் என்ற கர்வம் இருந்த காலம் அது. முதல் தட்டு முடிந்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ ஒருத்தி அழுகிறாளா, சண்டை போடுகிறாளா என்றே தெரியவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாய். "இது எங்க சர்ச் சபைப் பாட்டுதாம்ட்டி. இவிய சாமியை விட்டுட்டு ஆளைக் கூப்பிடுதாவ. அவ்வளவுதான் வித்தியாசம்," என்றாய். அதற்கப்புறம் எனக்கும் கேட்கத் தெரிந்துவிட்டது.

நீ அந்த வகையில் தமிழில் எழுதத் தொடங்கியது அதற்கு முன்பா பின்பா என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினாய். ஆனால் அந்தப் பாட்டு எப்போது பிறந்தது என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மழைக்காலத்து சாயங்காலம். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அம்மா பம்பாய்க்கு அர்ஜென்ட் கால் போட்டிருந்தாள். மகன் வேலைசெய்யும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில்தான் போன். கடைக்காரர் அவனைக் கூப்பிடப் போயிருந்தார். லைனில் ஒரே இரைச்சல். இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனுடைய அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எதிர்முனையில் யாருமே இல்லை என்று நினைத்து அந்த அம்மா ரிசீவரை வைக்கப் போனாள். வைத்தால் திரும்பவும் லைன் கிடைக்காது, நமக்குத் தெரியும். சந்தாதாரரிடம் ஆபரேட்டர் அதிகமாகப் பேசக் கூடாது என்பது விதி. நீ பேசினாய். "வைக்காதீங்கம்மா. ஆளு வருது. அது வரைக்கும் நான் இருக்கேன்," என்றாய். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய், தாலாட்டுகிற மாதிரி. பல்புகள் மின்னி மின்னி மற்ற கால்கள் எல்லாம் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. உன் ஸ்விட்ச்போர்டில் வந்த அழைப்புகளையும் சேர்த்து நான் பார்த்துக்கொண்டேன். கடைசியில் அந்தப் பையன் வந்தான். "அம்மா" என்றான். நீ லைனை விட்டு வெளியே வந்தாய்.

நம் சூப்பர்வைசர் பகவதியம்மாள், கரமனைக்காரி, எல்லாவற்றையும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நீ போர்டில் உட்கார்ந்தபடியே அந்த வரிகளை மெட்டோடு முனகிக்கொண்டிருந்தபோதுதான் பிடித்தாள். வேலை நேரத்தில் பாட்டுப் பாடியதற்காக உனக்கு மெமோ. நீ அதை வாங்கி மடித்துக்கொண்டே என்னிடம் மெல்ல, "பாட்டுன்னு ஒத்துக்கிட்டாள்லா, அது போதும்," என்றாய்.

வைக்காதே, வைக்காதே,
இன்னும் ஒரு மூச்சு இரு.
ஆள் வருது, ஆள் வருது,
அதுவரைக்கும் நான் இருக்கேன்.

எவ்வளவு எளிய வரிகள். இதை எழுதப் பெரிய புலமை வேண்டாம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். சொல்கிறவர்கள் ஒரு வரி எழுதிப் பார்க்கட்டும். ஒருமுறை நான் உன்னிடம், ஏன் உவமையே வருவதில்லை என்று கேட்டேன். "கூப்பிடுற நேரத்துல யாரும் உவமை சொல்ல மாட்டாவ," என்றாய்.

மாஷ் என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் பாட்டு வாத்தியாரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அவருடைய கானமேளாக் குழுவில் நான் பாடிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு. நெய்யாற்றின்கரை முதல் நாகர்கோவில் வரை எங்கள் குழுவுக்கு நல்ல பெயர். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் ஒத்திகை. மாஷ் அக்கார்டியன் அபாரமாக வாசிப்பார், அதை நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன். நீ மேஜையில் தட்டிக்கொண்டே முழுப் பாட்டையும் பாடினாய். வரியும் உன்னுடையது, மெட்டும் உன்னுடையது. அவர் என்ன ராகம் என்று கேட்டார். ராகம் எல்லாம் தெரியாது என்றாய். இதற்கு ஓர் இழுப்பு உண்டு, அது போனால் பாட்டு போய்விடும் என்றாய். அவர் அக்கார்டியனை எடுத்து உன்னைப் பின்தொடர்ந்தார். பின்தொடர்ந்தார், அவ்வளவுதான். அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது இப்போது நான் ஒருத்திதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் அன்றைக்கே வெட்டினார். நாலாவது சரணம். ஆபரேட்டர் கதை யாருக்கு வேண்டும், மூன்று போதும் என்றார். நீ மேஜையில் தட்டுவதை நிறுத்தினாய்.

பாறசாலையில் ஒரு திருவிழாவில் முதன்முதலாக அதை நான் பாடினேன். கூட்டம் வேர்க்கடலை தின்பதை நிறுத்தியது. பல்லவி இரண்டாம் முறை வரும்போது முன்வரிசைப் பெண்கள் கூடவே பாடினார்கள். சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. வளைகுடாவில் புருஷன் இருக்கிற பெண்கள். நீ மேடைக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். இறங்கி வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய்.

கேசட் வந்தது. உன் பெயரைத் தேடி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாடல், இசை இரண்டுக்கும் மாஷின் பெயர். என் பெயர் இருந்தது. தபலாக்காரர் பெயர் இருந்தது. ஸ்டூடியோவுக்கு டீ வாங்கிவந்தவருக்கு நன்றிகூட இருந்தது. நான் உன்னை இழுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போனேன்.

அவர் கொஞ்சமும் கூசவில்லை. "வரி தந்தது நீ, சரி. அதைப் பாட்டாக்கினது ஞானல்லே?" என்றார். "பின்னே நீ கவர்மென்ட் ஜோலிக்காரி. பேரு வந்தா உனக்குத்தான் குழப்பம். அடுத்ததுல பாக்கலாம்."

அடுத்த கேசட்டிலும் பார்க்கவில்லை. அதில் உன் பாட்டு மூன்று இருந்தது.

மாடி அறையிலிருந்து இறங்கிய அன்றைக்கே நான் அந்த மேடையை விட்டேன். அவருக்கு வேறு பாடகி கிடைத்தாள், திருவிழாவும் நிற்கவில்லை. ஆனால் நீ என்மேல் கோபப்பட்டாயே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "எனக்க பாட்டை நீ பாடாம வேற யாருட்டி பாடுவா?" என்று கேட்டாய். திருடியவரிடம் ஒரு வார்த்தை கேட்காதவள், விலகி வந்தவளிடம் கேட்டாய். நான் பதிலுக்கு என்னவெல்லாமோ கத்தினேன். ஸ்டாச்சு சந்திப்பு பஸ் நிறுத்தத்தில் ஜனம் திரும்பிப் பார்த்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக மாறியது. ஜனங்கள் தாங்களே எண்ணைச் சுழற்றி எந்த ஊரோடும் பேசலாம் என்றானது. டிரங்க் போர்டை எடுத்தார்கள். உன்னை நெய்யாற்றின்கரையில் ஒரு கவுன்டருக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். நீ சபைக்கு எழுதினாய், பெண்கள் கூட்டத்துக்கு எழுதினாய். அங்கே எந்தப் பாட்டுக்கும் யார் பெயரும் இல்லை என்று சொல்வாய். அது சரி. யார் பெயரும் இல்லாத இடத்தில் உன் பெயர் இல்லாதது அடக்கம். எல்லார் பெயரும் இருக்கிற இடத்தில் உன் பெயர் மட்டும் இல்லாததற்கு வேறு பெயர். நீ இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தாய், அல்லது பார்க்கிற மாதிரி நடித்தாய்.

இதற்கிடையில் மாஷ் அதை மலையாளத்தில் மாற்றினார். செத்துப்போன மனைவியைக் கணவன் கூப்பிடுகிற பாட்டாக்கினார். அது பெரிய பாட்டாயிற்று. பரிசுகள், பொன்னாடைகள், பேட்டிகள். ஒரு பேட்டியில், மனைவி இறந்த துக்கத்தில் ஒரே மூச்சில் எழுதியது என்று கண் கலங்கினார். பாட்டு பிறந்த நாளில் அந்த அம்மாள் உயிரோடு இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் ஒத்திகையின்போது காப்பி கொண்டுவந்து கொடுத்தவளே அவள்தானே.

உன்னைக் கடைசியாகப் பார்த்தது பாறசாலை வீட்டில். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். டிவியில் பாட்டுப் போட்டி. சுருட்டைமுடிப் பெண் ஒருத்தி உன் பாட்டைப் பாடினாள், நன்றாகவே பாடினாள். நடுவர்கள் எழுந்து நின்று மாஷின் மேதைமையைப் புகழ்ந்தார்கள். நான் டிவியை அணைக்கப் போனேன். நீ வேண்டாம் என்று கையைக் காட்டினாய். "பேரு போனா போகட்டும்ட்டி," என்றாய். அப்புறம் என்னைப் பார்க்காமல், "நாலாவது சரணத்தை மட்டும் யாரும் பாடல்ல. அதுதான் வலிக்கு," என்றாய்.

இத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லை அன்றுதான் கேட்டேன். வலி.

சரி, இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்த இரண்டாம் நாள் மாஷின் மகன் வீட்டுக்கே வந்து அழைப்பிதழ் கொடுத்தான். தைக்காட்டில் ஒரு ஹாலில் அப்பாவின் நினைவு நாள். கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகள் நடத்தும் இசைக்குழு உன் பாட்டைப் புதிதாகப் பாடி வெளியிடுகிறார்கள். முதல் கேசட்டில் பாடிய ஆன்ட்டி என்று எனக்கு முன்வரிசை இடம். போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் நீ கட்டிலில் சொன்னது நினைவுக்கு வந்தது. நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, மனைவியை இழந்த ஒரு மகா கலைஞனின் கண்ணீரில் பிறந்த பாட்டு என்று தொடங்கினார். நான் மேடையை விட்டு இறங்கவில்லை. கையை நீட்டி அவரிடமிருந்து மைக்கை வாங்கினேன். பாராட்டிப் பேசப்போகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.

"இந்தப் பாட்டை எழுதினதும் மெட்டுப் போட்டதும் செல்லபாய். பாறசாலை செல்லபாய். என்னோட டிரங்க் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தா. மாஷ் இதுக்கு அக்கார்டியன் வாசிச்சார். அதுக்கு மேல ஒண்ணும் பண்ணலை," என்றேன்.

மகன் எழுந்து வந்தான். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வயதான ஒருத்தியைச் சமாதானம் செய்கிற குரலில், ஆன்ட்டி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்றான். அப்புறம் என் பக்கம் குனிந்து, "இதுக்கெல்லாம் தெளிவு வேணுமே ஆன்ட்டி. ஏதாவது இருக்கா?" என்று அத்தாட்சி கேட்டான்.

இருந்தது. பாடினேன். சுருதிப்பெட்டி இல்லாமல், பக்கவாத்தியம் இல்லாமல், எழுபது தாண்டிய தொண்டையில்.

ரெண்டு பேரு அழுதாங்க,
மூணாவதா நானழுதேன்.
ஊரையெல்லாம் சேத்து வச்சேன்,
யாரு நீன்னு கேக்கலையே.

மனைவியை இழந்தவன் எழுதுகிற வரியா இது என்று கேட்டேன். இரண்டு பேர் அழும்போது நடுவில் இருந்து கேட்கிற மூன்றாவது ஆள் யார் என்று கேட்டேன். அப்போதுதான் பின்வரிசையில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுகிற சத்தம் கேட்டது. மகளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு மெலிந்து போன ஒரு கிழவி நின்றாள். அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பகவதியம்மாள். மாஷின் பாட்டுக்கு ரசிகையாம், ஒவ்வொரு வருஷமும் வருவாளாம்.

"அந்தப் பாட்டை எழுதினவளுக்கு மெமோ குடுத்தவ நான்," என்றாள். குரல் பழைய சூப்பர்வைசர் குரல்தான், கொஞ்சமும் தேயவில்லை. "டூட்டி நேரத்துல போர்டுல இருந்து இதைத்தான் பாடிட்டு இருந்தா. அன்னைக்கு இந்த மாஷை அவளுக்கு யாருன்னே தெரியாது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். சிலர் கைதட்டினார்கள். சிலர் வெளியே போனார்கள். தொகுப்பாளர் மெல்ல மைக்கை வாங்கிக்கொண்டு நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். ஆமாம், தொடர்ந்தார். பாட்டு வெளியிடப்பட்டது. திரையில் மாஷின் பெயர்தான் வந்தது. அடுத்த நாள் பத்திரிகையில், பழம்பெரும் பாடகி பழைய நினைவுகளில் நெகிழ்ந்தார் என்று ஒரு வரி போட்டார்கள். நெகிழ்ந்தேனாம்.

வெளியே வரும்போது பகவதியம்மாள் காருக்குள் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள். நீ எப்போது போனாய் என்று கேட்டாள். சொன்னேன். "அன்னைக்கு அந்த பம்பாய்க் கால்ல அவ பேசினதையும் நான் கேட்டேன். அதுக்கு மெமோ எழுதக் கை வரல்ல. அதனாலதான் பாட்டுக்கு எழுதுனேன்," என்றாள். உனக்கு இது தெரியாது. உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

கழக்கூட்டத்துப் பிள்ளைகள் அடுத்த நாளே போன் செய்தார்கள். நாலாவது சரணத்தை முழுதாகப் பாடி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். தாங்கள் இனிப் பாடுகிற மேடையில் எல்லாம் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பாடுவோம் என்றார்கள். பதிவை மாற்றும் உரிமை மட்டும் தங்களிடம் இல்லை, மாஷின் குடும்பத்திடம் இருக்கிறது என்றார்கள்.

நேற்று அந்த மகன் பேசினான். பக்குவமாகத்தான் பேசினான். அப்பாவின் பெயர் அப்படியே இருக்கட்டும், கீழே உனக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்துவிடலாம், எல்லாருக்கும் நல்லதுதானே என்றான்.

"நன்றி வேண்டாம்ப்பா. பேரைப் போடு," என்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். யோசிக்கட்டும். நாளைக்கும் கேட்பேன், நாளன்றைக்கும் கேட்பேன். விட்டுவிடச் சொல்வாய், தெரியும். நீ விட்டுக்கொடுத்தது உன் பங்கு. உன் பாட்டில் என் தொண்டையும் இருக்கிறது, என் பங்கை நான் விடுவதாக இல்லை. உன் பொறுமை எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது நாலு வரியும் இந்தக் கோபமும்தான். இரண்டும் இன்னும் சுருதி விலகாமல் இருக்கின்றன.